அந்தரங்கச் சாதனங்களின் ரிவ்யூக்களைப் படிக்கும் வேலை

அந்தரங்க நலப் பொருட்களை ஆன்லைனில் விற்கும் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பும் ரிவ்யூக்களைப் படித்து, எதை வெளியிடலாம் என்று முடிவு செய்வது என் வேலை. வைப்ரேட்டர், டைலேட்டர் (யோனியை மெல்ல மெல்ல விரித்துப் பழக்கும் கருவி), இடுப்புத்தளத் தசைப் பயிற்சிக் கருவி, லூப்ரிகன்ட் (உராய்வைக் குறைக்கும் வழவழப்பான திரவம்) எல்லாம் எங்கள் பிரிவில் வரும்.

மிக்ஸி வாங்குகிறவர் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். இந்தப் பொருட்களைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாது. கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. சீல் பிரித்துவிட்டால், சுகாதாரக் காரணத்தால் பெரும்பாலும் திருப்பித் தரவும் முடியாது. முன்பு வாங்கியவர் எழுதியதுதான் ஒரே துணை. ஆனால் உண்மையாக எழுதக்கூடியவர்கள், பெயர் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து எழுதாமலே இருந்துவிடுகிறார்கள். அந்தக் காலி இடத்தில்தான் பொய் ரிவ்யூக்கள் வந்து உட்காருகின்றன.

பொய்யைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புதுப் பொருள் வந்த அன்றே ஐந்து ஸ்டார்கள் வரிசையாக வரும். எல்லாரும் 'சூப்பர், வொய்ஃப் ஹேப்பி' என்றே எழுதியிருப்பார்கள். பொருளை எடுத்துப் பயன்படுத்தியதற்கான தடயம் ஒரு வரியில்கூட இருக்காது. இன்னொரு குழப்பமும் உண்டு. ஆபாசப் பொருள் விற்பனை பற்றிய சட்டப்பிரிவுக்கு (முன்பு இ.பி.கோ. 292, இப்போது பி.என்.எஸ். எனப்படும் பாரதிய நியாய சன்ஹிதா 294) பயந்து, வைப்ரேட்டரைப் பலர் 'பாடி மசாஜர்' என்றே பட்டியல் போடுகிறார்கள். அதனால் கழுத்து வலிக்கு வாங்கியவரின் ரிவ்யூவும் அந்தரங்கப் பயன்பாட்டுக்கு வாங்கியவருடையதும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும். படிக்க வருகிறவர் எதை எடுத்துக்கொள்வார்?

விதிகள் இல்லாமல் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவை வெளியிடக் கூடாது, வந்த ரிவ்யூவைத் திருத்தக் கூடாது, எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும் என்கிறது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் பின்பற்றுவது. அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி. கொண்டுவந்த பொய் ரிவ்யூத் தடை, 2024 அக்டோபர் 21 முதல் அபராதத்தோடு நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரிலும் கட்டாயம் வந்தால்தான் சரிப்படும் என்பது என் கருத்து.

எனக்கு இந்த வேலையின் மேல் மரியாதை வரவைத்தது ஒரு டைலேட்டர் செட்டின் ரிவ்யூ. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்த ஒருவர் எழுதியது. கதிர்வீச்சுக்குப் பிறகு யோனி சுருங்கி இறுகக்கூடும். அதைத் தடுக்க டாக்டர்கள் டைலேட்டர் பயன்படுத்தச் சொல்வார்கள். அவர் கொடுத்தது மூன்று ஸ்டார்தான். சின்ன அளவுகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, மூன்றாவதுக்குப் போகும்போது தடிமன் திடீரென்று கூடுகிறது, நடுவில் ஒரு அளவு இருந்திருக்க வேண்டும், பிடித்துக்கொள்ளும் பகுதி ஈரக்கையில் வழுக்குகிறது என்று எழுதியிருந்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அதே நிலையில் இருக்கும் இன்னொரு பெண்ணுக்கு எது தேவையோ அது முழுக்க இருந்தது. எங்கள் தானியங்கி வடிகட்டி அதை நிறுத்தி வைத்திருந்தது. 'யோனி' என்ற சொல் அதன் தடைப்பட்டியலில் இருந்ததுதான் காரணம். 'சூப்பர், வொய்ஃப் ஹேப்பி' தடையில்லாமல் போயிருந்தது. அந்தப் பட்டியலிலிருந்து உடலுறுப்புப் பெயர்களை எடுக்க வேண்டும் என்று நாங்கள் விடாமல் கேட்டோம், எடுத்துவிட்டார்கள்.

நம்பத்தக்க ரிவ்யூ எழுத அந்தரங்கத்தை அவிழ்த்துக் காட்ட வேண்டியதில்லை. பொருளைப் பற்றி எழுதினால் போதும். பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் நாற்றம் அடித்ததா, சில மாதம் கழித்து மேல்பரப்பு பிசுபிசுக்கிறதா, என்ன லூப்ரிகன்ட் போட்டீர்கள் என்பதெல்லாம் பெரிய தகவல். சிலிகான் சாதனத்தின் மேல் சிலிகான் லூப்ரிகன்ட் போட்டால் மேல்பரப்பு கெடலாம், தண்ணீர் சார்ந்ததுதான் பாதுகாப்பு. 'மெடிக்கல் கிரேடு' என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை வாங்குகிறவர் சோதித்துப் பார்க்க முடியாது. 2021-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3533 என்ற சர்வதேசத் தரம் இந்தச் சாதனங்களின் வடிவமைப்புக்கும் பாதுகாப்புக்குமானது. பெட்டியிலோ கையேட்டிலோ அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுதலாம். தண்ணீர் புகாத தன்மைக்கான குறியீடு ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். கழுவிய பிறகு சார்ஜ் ஏறாமல் போனால் கட்டாயம் எழுதுங்கள். சத்தமும் அப்படித்தான். கூட்டுக் குடும்பத்தில் கதவுக்கு வெளியே கேட்குமா என்பது, பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைவிடப் பலருக்கு உதவும். அப்புறம் வயது, பிரசவம், மாதவிடாய் நின்றது போன்றவற்றில் சொல்ல மனமிருப்பதைச் சொல்லுங்கள். ஒருவருக்கு இதமாக இருக்கும் வேகம் யோனி வறட்சி உள்ள இன்னொருவருக்கு எரிச்சலாக இருக்கும்.

போனோடு இணையும் சாதனம் என்றால் ஆப் என்னென்ன அனுமதி கேட்கிறது என்பதையும் எழுத வேண்டும். போனோடு இணையும் வைப்ரேட்டர்களை விற்ற வீ-வைப் நிறுவனத்தின் ஆப் பயன்பாட்டு விவரங்களைச் சேகரிக்கிறது என்று 2016-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதையொட்டிப் போடப்பட்ட வழக்கு மறு ஆண்டு 37.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் எங்களுக்கு வரும் ரிவ்யூக்களில் ஆப் பற்றி 'கனெக்ட் ஆகுது' என்பதைத் தாண்டி எழுதுகிறவர்கள் குறைவு.

இப்போது எங்கள் படிவத்தில் பெயருக்குப் பதில் புனைபெயர் போதும். வாங்கியவர்தானா என்பதை ஆர்டரை வைத்து உள்ளேயே சரிபார்த்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து அதே ஆளிடம் மறுபடி கேட்டு, அந்தப் பதிலை முதலில் காட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். விற்பனைப் பிரிவு தயங்குகிறது, ஆறு மாதத்தில் ஸ்டார் இறங்கிவிடும் என்று. இறங்குகிற பொருளைத்தான் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அடுத்த மீட்டிங்கிலும் சொல்லப் போகிறேன்.