பாயிண்டர் எனக்குப் புரிந்தது எல்இடி எரிந்த அன்றுதான்

சி மொழியில் பாயிண்டர் என்றால் "இன்னொரு மாறியின் முகவரியை வைத்திருக்கும் மாறி" என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அந்த முகவரியை வைத்து என்ன செய்வது என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டு எண்களை இடம் மாற்றும் புரோகிராமையே திரும்பத் திரும்ப எழுதினால் அது தெரியவும் வராது.

அர்டுயினோ ஊனோ என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை கைக்கு வந்த பிறகு, அதிலுள்ள ஏடிமெகா328பி சிப்பின் டேட்டாஷீட்டை, அதாவது தொழில்நுட்ப விவரக் கையேட்டை, திறந்தேன். ரெஜிஸ்டர் (சிப்பின் பின்களை இயக்கும் நினைவிடம்) அட்டவணையில், ஒரு தொகுதிப் பின்களுக்கான போர்ட்-பி என்பதற்கு எதிரே பதினாறடிமான முறையில் 05 என்றும், அடைப்புக்குறிக்குள் 25 என்றும் இரண்டு முகவரிகள் இருக்கும். பாயிண்டருக்கு வேண்டியது அடைப்புக்குறிக்குள் இருப்பது. நம் கணக்கில் அது 37. "இந்த 37 வெறும் எண் இல்லை, ஒரு பைட்டின் முகவரி" என்று கம்பைலருக்குச் சொல்லி, அந்த இடத்தில் உள்ள மதிப்பைத் தொட முன்னால் * போட்டு, 5ஆம் பிட்டை 1 ஆக்கினேன். அதற்கு முன்பே 36ஆம் முகவரியில் அதே பிட்டை 1 ஆக்கி, பின்னை அவுட்புட்டாக மாற்றியிருந்தேன். 13ஆம் பின்னின் எல்இடி எரிந்தது. லைப்ரரி எதுவும் இல்லை. முகவரி, அதில் ஒரு மதிப்பு, அவ்வளவுதான். தொடங்குபவர்கள் எல்லாருமே இதை ஒருமுறை கையால் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

அந்தப் பாயிண்டருடன் வாலடைல் (volatile) சேர்க்க மறக்காதீர்கள்; ஒவ்வொரு முறையும் மதிப்பைப் புதிதாகப் படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல் அது. பொத்தானுக்காகக் காத்திருக்கும் லூப்பில் நான் அதை விட்டுவிட்டேன். கம்பைலர் ரெஜிஸ்டரை ஒரே முறை படித்துவிட்டு அந்த மதிப்பையே வைத்துக்கொண்டது. எத்தனை முறை அழுத்தியும் பலன் இல்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறு ஒரு தவறு. ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரேயின் முகவரியைத் திருப்பி அனுப்பினேன். சில நேரம் சரியான எழுத்து வரும், சில நேரம் குப்பை. இரண்டு நாள் வயரிங்கைச் சந்தேகப்பட்டேன். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் ஸ்டாக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக மாறிகள் இருக்கும் ரேம் பகுதி) வேறு வேலைக்குப் போய்விடும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே ஒரு குளோபல் மாறி, ஃபங்ஷனுக்குள் ஒரு மாறி, இரண்டின் முகவரியையும் & போட்டு எடுத்து, பலகை அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் அச்சிடுங்கள். இந்தச் சிப்பின் 2048 பைட் ரேம் 256இல் தொடங்கி 2303இல் முடிகிறது. குளோபல் மாறி 256ஐ ஒட்டியும், உள்ளே இருப்பது 2303ஐ ஒட்டியும் வரும். ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொன்றை அழைத்து, அங்கேயும் அச்சிட்டுப் பாருங்கள். முகவரி கீழே இறங்கும்.