அம்மா கையில கட்டு, என் கையில மணி

09-12-2024, திங்கள்

நேத்து சாயங்காலம் கொல்லையில வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் கைய அசைக்கவே கூடாதுன்னுட்டாங்க. ஆட்டோல வரும்போது ரொம்ப வலிக்குதாம்மான்னு கேட்டா அதுக்கு பதில் இல்ல, "நாளைக்கு விளக்கு யாரு ஏத்துவா"ங்கறாங்க. வீட்டுக்காரிக்கு இந்த மாசம் பூரா காலை ஷிஃப்ட், அஞ்சே முக்காலுக்கு வேன் வந்துரும். பாப்பாவுக்கு பத்து வயசு, அவ கையில தீப்பெட்டி குடுக்க முடியாது. மிச்சம் இருக்கறது நான்தான்.

எனக்கு 44 வயசு, சாமி கும்பிடத் தெரியும்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். குளிச்சிட்டு வந்து ரெண்டு நிமிஷம் கண்ண மூடி நிப்பேன், விபூதி பூசிப்பேன், நல்ல நாள்னா சூடம் காட்டுவேன். இன்னிக்கு காலைல சாமி ரூம் கதவ தொறந்தா முந்தாநாள் பூ வாடிப்போய் படத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு, விளக்கு தகழியில கரித்திரி, ஊதுபத்தி ஸ்டாண்டுக்கு கீழ சாம்பல், சூடத்தட்டுல கருப்பா மை. எதுல ஆரம்பிக்கறதுன்னே தெரியல. இத்தன வருஷமா நான் பாத்ததெல்லாம் யாரோ ரெடி பண்ணி வெச்ச சாமி ரூம்தான்னு அப்பதான் உறைச்சுது.

அம்மா ஹால்ல சேர போட்டு உக்காந்து ஒவ்வொண்ணா சொன்னாங்க. மொதல்ல பழைய பூவ எடு, குப்பையில போடாத, கால்படாத எடமா பாத்து செடிக்கு போடு. படத்த ஈரத்துணியில தொடச்சிட்டு காஞ்ச துணியில தொடை. பொட்டு வையி. சொம்புத் தண்ணிய மாத்து. அப்புறம் பூ, அப்புறம்தான் விளக்கு. சூடம் காட்டி முடிக்க அம்பது நிமிஷம் ஆச்சு, ஆபீசுக்கு லேட்.

10-12-2024, செவ்வாய்

விளக்கு ஏத்துனதும் படபடன்னு வெடிச்சு பொறி பறக்குது, பயந்துட்டேன். ஹால்ல இருந்தே அம்மா "ஈரக்கையில திரி திரிச்சியா"ன்னு கேட்டாங்க. சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சிட்டாங்க. பஞ்சுல தண்ணி இருந்தா சூட்டுல அது ஆவியாகி எண்ணெய தூக்கி அடிக்கும், தாளிக்கும்போது கடுகோட தண்ணி விழுந்தா தெறிக்குமே அதே கதை. கைய தொடச்சிட்டு புதுசா திரிச்சேன். உள்ளங்கையில விபூதி கொஞ்சம் தொட்டுக்கிட்டா பஞ்சு நல்லா முறுக்கு ஏறும்னு அதுக்கப்புறம்தான் சொல்றாங்க, இத நேத்தே சொல்லியிருக்கலாம்.

12-12-2024, வியாழன்

வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கக்கூடாதுன்னு எங்க வீட்டு வழக்கம், அதனால வியாழக்கிழமை சாயங்காலம்தான் தேய்ப்பு. ஆபீஸ்ல இருந்து வந்ததும் காமாட்சி விளக்கு, குத்துவிளக்கு, மணி, தூபக்கால், சூடத்தட்டு எல்லாத்தையும் வாளியில போட்டு கொல்லைக்கு எடுத்துட்டு போனேன். வெளிய மழை கொட்டுது.

குத்துவிளக்கு மரை கழலவே இல்ல. எண்ணெய் இறங்கி இறங்கி மரையில பிசினா இறுகிப்போயிருக்கு, நானும் துணிய சுத்தி திருகறேன், துணிதான் சுத்துது. கடைசில வெந்நீர் ஊத்தி அஞ்சு நிமிஷம் விட்டதும் க்ரீச்சுன்னு கழண்டுச்சு. உள்ள பாத்தா தண்டு முழுக்க கரும்பச்சையா களிம்பு. மொதல்ல அரிசிமாவு போட்டு எண்ணெய் பிசுக்க எடுத்துட்டு, ஊறவெச்ச புளிய சக்கையோட அப்பி தேய்ச்சா, விரல் போன வழியெல்லாம் மஞ்சளா பளிச்சுன்னு வருது, பாக்கவே ஒரு மாதிரி சந்தோஷமா இருக்கு. பித்தளையில இருக்கற செம்புதான் காத்து பட்டு கறுக்குது, புளியில டார்டாரிக் அமிலம் இருக்கு, அது அந்த கறுப்ப கரைச்சு எடுத்துரும், அவ்வளவுதான் ரகசியம். ஆனா புளித்தண்ணி மிச்சம் இருந்தா மறுநாளே திட்டுத்திட்டா கறுத்துரும்னு அம்மா ரெண்டு தடவ கழுவ வெச்சாங்க. விளக்கோட உச்சியில அன்னம் இருக்கு, அதோட கழுத்து மடிப்புல பழைய பல்துலக்கற பிரஷ் போட்டு தேய்க்கும்போது தெரிஞ்சுது, தேய்ச்சு தேய்ச்சு அன்னத்தோட கண்ணே மழுங்கிப் போயிருக்கு. எத்தன வியாழக்கிழமை ஆகியிருக்கும்.

13-12-2024, வெள்ளி

கார்த்திகை தீபம். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில திருவண்ணாமலை மலை மேல தீபம் தெரிஞ்சதும்தான் நாங்க வாசல்ல அகல் ஏத்துவோம். 27 அகல் வெச்சேன், மழைக்காத்துல பதினஞ்சு அணைஞ்சு போச்சு, திரும்ப ஏத்துனா வேற அஞ்சு அணையுது. பாப்பா குடைய பிடிச்சுட்டு நின்னா. குத்துவிளக்கு மட்டும் உள்ள ஜொலிச்சுது, வந்தவங்க எல்லார்கிட்டயும் நான்தான் தேய்ச்சேன்னு சொல்லிக்கிட்டேன்.

16-12-2024, திங்கள்

மார்கழி 1. நாலரைக்கு எந்திரிச்சேன், யாரும் எழுப்பல. எங்க வீட்ல மார்கழி பூரா தினம் ஒரு பாட்டு, திருவெம்பாவை 20, அது முடிஞ்சதும் திருப்பள்ளியெழுச்சி 10, ரெண்டும் மாணிக்கவாசகர். மொபைல்ல பாத்து படிச்சேன், பதம் பிரிக்காம ஒரே மூச்சுல ஓட்டுனதுல எங்க நிறுத்தறதுன்னு தெரியாம மூச்சு வாங்குது. அம்மா படுக்கையில இருந்தே கூட சொன்னாங்க, அவங்க புஸ்தகம் பாக்கறதில்ல. வெளிய இருட்டு, கோயில் ஸ்பீக்கர்ல இருந்து வேற பாட்டு, ரெண்டும் கலந்து கேட்டுச்சு.

18-12-2024, புதன்

சங்கடஹர சதுர்த்தி. பிள்ளையாருக்கு அருகம்புல் பறிக்கணும். நான் பாட்டுக்கு துளசியையும் சேத்து கிள்ளிட்டு வந்தேன், பிள்ளையாருக்கு துளசி ஆகாதுன்னு அம்மா அத தனியா எடுத்து பெருமாள் படத்துக்கு வைக்க சொன்னாங்க. அதே மாதிரி சிவனுக்கு தாழம்பூ கிடையாது. கீழ விழுந்த பூவ எடுக்கக்கூடாது, பவழமல்லி மட்டும் விதிவிலக்கு, அது தானா உதிர்ற பூ. பறிக்கும்போது மோந்து பாக்காத, வாசம் சாமிக்குன்னு வேற. பாப்பா ஒண்ண மோந்துட்டா, அத தலையில வெச்சுக்க சொல்லிட்டாங்க.

சரி எல்லாத்தையும் ஒழுங்கா கத்துக்கலாம்னு ராத்திரி யூடியூப் பாத்தது தப்பா போச்சு. ஒருத்தர் ஒரு முகம் ஏத்துனா போதும்ங்கறார், இன்னொருத்தர் அஞ்சு முகம் ஏத்தலன்னா கஷ்டம் வரும்ங்கறார், நல்லெண்ணெய்க்கு ஒரு பலன், நெய்க்கு ஒரு பலன், சிவப்பு திரிக்கு ஒரு பலன், இப்படியே போச்சுன்னா விளக்கு ஏத்தறதுக்கு முன்னாடி வக்கீல்தான் வைக்கணும். அம்மாகிட்ட கேட்டேன். "நம்ம வீட்ல நல்லெண்ணெய், கெழக்க பாத்து ஒரு முகம். தெக்க பாத்து மட்டும் ஏத்தாத. போய் தூங்கு."

23-12-2024, திங்கள்

கற்கண்டு வெச்ச கிண்ணத்துல எறும்பு, சுவத்தோரமா வரிசை கட்டி நடராஜர் படம் வரைக்கும் போயிருக்கு. நெய்வேத்தியம் பண்ணா உடனே எடுத்து பிரசாதமா குடுத்துரணுமாம், நான் காலைல வெச்சத சாயங்காலம் வரைக்கும் அப்படியே விட்டிருக்கேன்.

சூட டப்பாவையும் மூட மறந்துட்டேன், பத்து நாள்ல வில்லையெல்லாம் பாதியா இளைச்சிருச்சு. சூடம் உருகித் தண்ணியா ஆகாம நேரா காத்தோட போற சாமான். அம்மா டப்பாவுக்குள்ள நாலஞ்சு மிளகு போட்டு வெச்சிருப்பாங்க, போட்டா கரையாதாம், அது எந்தளவுக்கு வேலை செய்யுதுன்னு எனக்கு சந்தேகம்தான், என்னைக் கேட்டா வேலை செய்யறது மூடிதான்.

28-12-2024, சனி

ஆபீஸ் வேலையா நேத்து ராத்திரியே ரயில் ஏறிட்டேன். வீட்டுக்காரிக்கு இன்னிக்கு லீவு, அவ பாத்துக்கறா. இருந்தாலும் சனிப்பிரதோஷம் அதுவுமா வீட்ல இல்லியேன்னு போன்ல சொன்னா அம்மா பூசலார் கதைய எடுத்துட்டாங்க. சின்ன வயசுல கேட்டது. திருநின்றவூர்ல காசில்லாத மனுஷன், மனசுக்குள்ளயே கல்லு கல்லா கோயில் கட்டி கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிச்சாரு. அதே நாள்ல காஞ்சிபுரத்துல நெஜமான கற்கோயில் கட்டுன ராஜா கனவுல சிவன் போய், நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்கு போகணும், நீ வேற நாள் பாத்துக்கோன்னுட்டாரு. "நீ கோயில் கட்ட வேணாம், சாமி ரூம மட்டும் நெனச்சுக்கோ"ன்னாங்க.

திரும்பி வரும்போது மேல் பெர்த்துல படுத்து நெனச்சு பாத்தேன். பழைய பூவ எடுத்தேன், படம் தொடச்சேன், மொத படம் முருகனா பிள்ளையாரான்னு கொஞ்சம் குழம்பி அப்புறம் பிள்ளையார், பொட்டு வெச்சேன், சொம்புத் தண்ணி, செம்பருத்தி அஞ்சு. கையால செய்யறப்ப தானா ஓடறது மனசுல ஓடமாட்டேங்குது, ஒவ்வொரு சாமானா தேடி எடுக்கணும். எண்ணெய் ஊத்தி திரிய எடுத்தேன், அதோட தூங்கிட்டேன். ஏத்தவே இல்ல.

03-01-2025, வெள்ளி

இந்த குறிப்பெல்லாம் வீட்டுக்காரி ஒரே மூச்சுல படிச்சா. படிச்சிட்டு சொன்னா, "மூணு வாரம் பண்ணிட்டு டைரி எழுதறீங்க. அத்தை 46 வருஷமா பண்றாங்க, ஒரு வரி எழுதல."

பதில் இல்ல. சாமி ரூம்ல கூட்டறது தொடைக்கறது தேய்க்கறது பூ கட்டறது எல்லாம் பொம்பளைங்க, கடைசில தட்ட வாங்கி சூடம் காட்டறது மட்டும் ஆம்பளைங்க, எங்க தாத்தா காலத்துல இருந்து இதான் நடக்குது. இன்னொண்ணும் சொன்னா. வீட்டுக்கு தூரம்னு அவ சாமி ரூம் பக்கம் போகாத நாள்ல அம்மாவுக்கும் காய்ச்சல் வந்துட்டா, பக்கத்து வீட்டு அக்கா வந்து விளக்கு ஏத்திட்டு போவாங்களாம். அப்ப நான் எங்க இருந்தேன்னு கேட்டேன். ஹால்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தேனாம். அந்த அக்கா என்னைத் தாண்டித்தான் உள்ள போயிருக்காங்க.

13-01-2025, திங்கள்

இந்த மார்கழிக்கு 29 நாள்தான், பாட்டோ 30. அதனால கடைசி நாள் எங்க வீட்ல ரெண்டு பாட்டு. அதுவும் இன்னிக்கு திருவாதிரை, போகி வேற, மூணும் ஒரே நாள்ல வந்து விழுந்துச்சு. வெளிய பழசெல்லாம் எரிஞ்சிட்டு இருக்கு, உள்ள வீட்டுக்காரி களி கிண்டறா, நான் நடராஜருக்கு வில்வம் வைக்கறேன். நேத்து மழையில புதுசா பறிக்க முடியல, வில்வத்த மட்டும் கழுவிட்டு திரும்ப போடலாம், அதனால தப்பிச்சேன். ரெண்டாவது பாட்டு படிக்கும்போது மொபைல் சார்ஜ் தீந்து அணைஞ்சிருச்சு. ரெண்டு வரி எனக்கே வந்துச்சு, மிச்சத்த அம்மா சொல்ல சொல்ல சொன்னேன்.

21-01-2025, செவ்வாய்

நேத்து கட்டு பிரிச்சாச்சு. கை மெலிஞ்சு தோல் உரிஞ்சு கெடக்கு, தீக்குச்சிய பிடிச்சு உரச தெம்பு வரல. இருந்தாலும் இன்னிக்கு அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பாத்தா அம்மா குளிச்சு முடிச்சு சாமி ரூம்ல உக்காந்திருக்காங்க. இடது கையால பொட்டு வெச்சிட்டு இருந்தாங்க, முருகனுக்கு மூக்கு மேல விழுந்துச்சு, தொடச்சிட்டு திரும்ப வெச்சாங்க. விளக்கு தூண்டற குச்சி, திரி, எண்ணெய்க் கிண்ணம் எல்லாத்தையும் அவங்க பழைய எடத்துக்கே மாத்தி வெச்சிருக்காங்க, நான் என் வசதிக்கு வலப்பக்கம் வெச்சிருந்தேன்.

நான் வாசப்படியில நின்னேன். போறதா இருக்கறதான்னு தெரியல. குச்சிய உரசி மட்டும் குடுத்தேன், வாங்கி ஏத்துனாங்க.

"ஏண்டா நிக்கற, பூ எங்க? போய் பறிச்சிட்டு வா. நந்தியாவட்டை மேல்கிளையில நெறைய இருக்கும், எனக்கு எட்டாது."

கூடைய எடுத்துட்டு போனேன். பனி. மேல்கிளையில பதினேழு பூ இருந்துச்சு.