முதுகுப்பையுடன் போர்ச்சுகல் நகரங்களில்: அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 10, லிஸ்பன்

பகல் முழுவதும் நகரின் நடுப்பகுதியான பைஷாவிலேயே நடந்தோம். மேட்டில் இருக்கும் பழைய அல்ஃபாமா குடியிருப்பில் சந்துகள் மனம்போன போக்கில் வளைந்து ஏறுகின்றன. அங்கிருந்து இறங்கிப் பைஷாவுக்குள் நுழைந்ததும் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகிவிடுகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் 1755 நவம்பர் 1. அனைத்துப் புனிதர் திருநாளின் காலையில், மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த வேளையில் வந்த நிலநடுக்கமும், தேஜு ஆற்றின் வழியே ஏறிவந்த ஆழிப்பேரலையும், பல நாள் அடங்காமல் எரிந்த தீயும் இந்தப் பகுதியைத் தரைமட்டமாக்கின. பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற அமைச்சரின் மேற்பார்வையில் நகரம் புதிய வரைபடத்தின்படி எழுப்பப்பட்டது.

என் கணவர் கட்டடப் பொறியாளர். இங்குள்ள வீடுகளின் சுவர்களுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்த மரச்சட்டகம் ஒன்று மறைந்திருக்கிறது என்றும், நிலம் அதிரும்போது அது வளைந்து கொடுத்துக் கட்டடத்தைத் தாங்கும் என்றும் அவர் விளக்கினார். அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களை அணிநடை போடச் செய்து சோதித்தார்கள் என்று சொல்வதுண்டு. வெளியே நின்று பார்ப்பவருக்கு அதில் எதுவுமே தெரிவதில்லை. "ஒரே ஒரு சுவரைத் திறந்து காட்டினால் போதும்மா, நான் ஊருக்குக் கிளம்பிவிடுவேன்" என்று ஆற்றாமையோடு சொன்னார்.

மாலையில் கார்மு மடத்துக்குப் போனோம். நிலநடுக்கத்தில் கூரை விழுந்த அந்தத் தேவாலயத்தை முழுமையாக மூடாமல் விட்டுவிட்டார்கள். வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்கி நிற்கின்றன. வாசலில் இருக்கும் சதுக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1974 ஏப்ரல் 25 அன்று, பிரதமர் மார்செலு கயத்தானு அங்குள்ள காவற்படை முகாமில் தஞ்சம் புகுந்து, கிளர்ந்தெழுந்த இராணுவத்தினரிடம் பணிந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த சர்வாதிகாரம் அன்றோடு முடிந்தது.

அக்டோபர் 11, லிஸ்பன், பெலேம்

1501இல் தொடங்கப்பட்ட ஜெரோனிமுஸ் மடத்தின் தேவாலயத்துக்குள் நுழைந்தவுடன் ஒரு பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறையும், எதிர்ப்பக்கம் கவிஞர் கமோயிஷின் கல்லறையும் இருக்கின்றன. கப்பற்கயிறுகளும் கடல்சார் உருவங்களும் செதுக்கிய தூண்களின் அழகை மறுக்க முடியாது. ஆயினும் வாஸ்கோவின் கல்லறை முன்னால் என்னால் அமைதியாக நிற்க முடியவில்லை. 1498இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தவர் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. 1502இல் மீண்டும் வந்தபோது மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் நிறைந்த கப்பலை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கத் தீக்கிரையாக்கியவரும் இவரே. 1524இல் கொச்சியில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டு, பின்னர் இங்கே கொண்டுவரப்பட்டார்.

ஆற்றங்கரையில் 1960இல் கட்டப்பட்ட கடற்பயண நினைவுச்சின்னம் கப்பலின் முன்முனை வடிவில் உயர்ந்து நிற்கிறது. அதில் புறப்பட்டவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்கள் போய் இறங்கிய கரைகளில் வாழ்ந்த மக்களுக்கு ஓர் ஓரம்கூட இல்லை. அந்தக் குறை சிறியதென்று நான் நினைக்கவில்லை.

வழியில் முட்டைப்பாலேட்டு வைத்துச் சுட்ட பேஸ்ட்டிகளை, மேலே பட்டைத்தூள் தூவிச் சூடாகச் சாப்பிட்டோம். பெலேமில் இவற்றை 1837 முதல் விற்கும் கடையில் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது.

அக்டோபர் 13, எவோரா

லிஸ்பனிலிருந்து ரயில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து அலென்டேஜு சமவெளிக்குள் நுழைந்தது. இருபுறமும் தக்கை ஓக் மரங்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை உரித்துத் தக்கை எடுக்கிறார்கள். உரித்த அடிமரம் செம்பழுப்பாக இருக்கிறது, எந்த ஆண்டில் உரித்தார்கள் என்பதைக் குறிக்கும் இலக்கம் அதன்மீது வெள்ளையால் எழுதப்பட்டிருக்கிறது.

எவோராவில் ரோமானியக் கோவிலின் தூண்களையும், புனித பிரான்சிஸ் தேவாலயத்தை ஒட்டிய எலும்பு மண்டபத்தையும் பார்த்தோம். "இங்கே கிடக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்" என்று அதன் வாசலில் பொறித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்ததோ 16ஆம் நூற்றாண்டு நீர்ப்பாலம்தான். அது நகருக்குள் வந்து தாழும் இடத்தில், வளைவுகளின் அடியிலேயே வீடுகளும் சிறு கடைகளும் கட்டிக்கொண்டு குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு வளைவுக்கு ஒரு வாசல், ஒரு சன்னல்.

அக்டோபர் 15, கோயம்ப்ரா

இந்த ஊருக்காகவே நான் இந்தப் பயணத்தைக் கேட்டேன்.

மொண்டேகு ஆற்றங்கரையிலிருந்து பல்கலைக்கழகம் வரை முழுக்க ஏற்றம். மழை நனைத்த சுண்ணாம்புக்கல் நடைபாதையில் கால் வழுக்குகிறது; முதுகில் பையோடு ஏறுபவர் நல்ல பிடிப்புள்ள காலணி அணிய வேண்டும். 1290இல் லிஸ்பனில் நிறுவப்பட்டு, இடம் மாறி மாறி, 1537இல் இங்கே நிலைகொண்ட பல்கலைக்கழகம் இது. கருப்பு மேலங்கி அணிந்த மாணவர்களை வழியெல்லாம் பார்த்தோம்.

1717இல் தொடங்கி 1728இல் முடிந்த ஜுவனீனா நூலகத்தில், பொன் தீட்டிய மர அலமாரிகள் கூரையை எட்டுகின்றன. அலமாரிகளுக்குப் பின்னே வௌவால்கள் குடியிருந்து, இரவில் வெளிவந்து, ஏட்டை அரிக்கும் பூச்சிகளைத் தின்கின்றன. அவற்றின் எச்சம் படாமலிருக்க ஒவ்வொரு மாலையும் மேசைகளைத் தோலால் மூடுகிறார்கள். காலையில் கூட்டித் துடைக்கிறார்கள். வௌவாலை விரட்டாமல் அதற்கும் ஒரு வேலை ஒதுக்கி, தம் வேலையையும் தவறாமல் செய்யும் அந்த ஊழியர்களின் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் நான் தேடி வந்தவர் இந்த நூலகத்துக்கு முந்தியவர். நம்மவர் அண்டிரிக் அடிகளார் என்று அழைக்கும் என்ரிக்கே என்ரிக்கஸ் கோயம்ப்ராவில் படித்தவர். 1546இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே வாழ்ந்து, தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, அதற்குப் போர்த்துகீசிய மொழியில் இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறித்தவச் சமய நூல் அவர் தமிழாக்கியது. அதற்கும் முன்னரே, 1554இல், தமிழர் மூவரின் உதவியோடு, தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் லிஸ்பனில் அச்சேறியிருந்தன. அந்தச் சொற்களுக்கு அவற்றின் சொந்த எழுத்து கிடைத்தது கொல்லத்தில்தான். அடிகளார் 1600இல் மறைந்து, தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

நான் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியில். பெலேமில் மனத்தில் ஏறிய கசப்பை இந்த ஊர் முழுவதுமாகத் துடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அடிகளாரும் மதம் பரப்ப வந்தவரே, வாஸ்கோ திறந்த கடல்வழியில் வந்தவரே. ஆனாலும் ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் அதன் மக்களோடு தங்கிய ஒருவரைக் கப்பலை எரித்தவரோடு சேர்த்து ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பல்கலைக்கழக முற்றத்தில் நின்று இதைப் பற்றி நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசினோம். "படித்த இடம் வேறு, பாடுபட்ட இடம் வேறு, அவருக்கான நினைவிடத்தை நம் ஊரில்தான் நன்றாக வைக்க வேண்டும்" என்றார் கணவர். அது சரியென்றே எனக்கும் படுகிறது.

அக்டோபர் 17, போர்ட்டோ

காம்பன்யான் நிலையத்தில் ரயில் மாறி, சாவ் பெண்ட்டு நிலையத்தில் இறங்கினோம். அதன் முன்மண்டபச் சுவர்களை ஜோர்ஜ் கொலாசு வரைந்த ஏறத்தாழ 20,000 ஓடுகள் மூடியிருக்கின்றன. 1415இல் வட ஆப்பிரிக்காவின் செயூட்டாவைக் கைப்பற்றிய போர், முதலாம் ஜுவாவ் அரசர் தம் மணமகளோடு நகருக்குள் வந்த காட்சி எனப் பெரிய படங்களைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கிறது. உழைக்கும் நாட்டுப்புற மக்களைக் காட்டும் சிறு படங்களும் அதே நீலத்தில் அங்கே உள்ளன. அவற்றைப் பார்க்க எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

பிற்பகலில் தோரு ஆற்றின் மேல் 1886இல் திறக்கப்பட்ட லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் நடந்தோம். அதன் இரும்பு வளைவு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 172 மீட்டர் தாவுகிறது. வடிவமைத்த தியோஃபில் சேரிக் முன்பு, பாரிஸ் கோபுரத்தால் பெயர்பெற்ற ஐஃபலின் கூட்டாளியாக இருந்தவர். மெட்ரோ ரயில் பக்கத்திலேயே ஊர்ந்து செல்ல, மக்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். கணவர் இணைப்புத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்ததால், நாங்கள் அக்கரையை அடைவதற்குள் விளக்குகள் ஏற்றப்பட்டுவிட்டன. கீழே வறுகடலை வண்டி போல நின்ற வண்டியில் செஸ்ட்நட் வாங்கித் தின்றோம். உப்புத் தூவிச் சுட்டது, மாவுச்சுவை.

நாளை கிமராயின்ஷ். இங்கிருந்து ஒன்றேகால் மணி நேர ரயில் பயணம். பெரிய பைகளை விடுதியிலேயே வைத்துவிட்டு, கோட்டை மதிலைப் பார்த்து மாலையில் திரும்புவோம்.