கால் பங்கு கட்டணத்தில் இருவர்: மும்பையில் பார்வையற்றோருக்கான ரயில் சலுகை

முழுப் பார்வையிழப்பு உள்ளவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கும் அதே தள்ளுபடி. அப்படியிருந்தும் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் முழுக் கட்டணம் கொடுத்தே ஊருக்குப் போய்வருகிறவர்கள் நிறைய. கேட்டால் "கவுன்டர்ல தரமாட்டேன்னுட்டான்" என்பார்கள். காகிதத்தை வாங்கிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் கவுன்டருக்கு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே, ஆஸ்பத்திரியில் நடந்திருக்கும்.

முதலில், யாருக்கு இது. ரயில்வேயின் சலுகைப் படிவத்தில் உள்ள வாசகம் முழுமையான பார்வையிழப்பு. ஒரு கண்ணில் மட்டும் பார்வை இல்லாதவர்களுக்கும், மங்கலாகத் தெரிகிறது என்பவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. 40 சதவீதம் என்று போட்ட மாற்றுத்திறனாளி சான்றிதழை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று திரும்பியவர்கள் பலர். அந்தச் சான்றிதழ் உதவித்தொகைக்கும் வேலை ஒதுக்கீட்டுக்கும் ஆகும். ரயில் சலுகைக்கென்று ரயில்வேயே வகுத்த தனிப் படிவம் இருக்கிறது. அதில்தான் டாக்டர் எழுதித் தர வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் முதல் தடுக்கல்.

படிவத்தை ரயில்வே இணையதளத்திலிருந்து அச்செடுத்து, ஜே.ஜே. மாதிரி அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கொண்டுபோகலாம். இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்று கிறுக்கலாகிவிட்டால் இன்னொன்று வேண்டும். இதில் அடித்தல் திருத்தல் கூடாது என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. வயதை 43 என்று எழுதி, அதை 34 ஆக்கி, பக்கத்தில் டாக்டரே சுருக்கக் கையெழுத்துப் போட்டாலும் ஏற்க மாட்டார்கள்.

முத்திரை விஷயத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். புகைப்படத்தை ஒட்டியபிறகு மருத்துவமனை முத்திரையும் டாக்டரின் கையெழுத்தும் பாதி படத்தின் மேலும் பாதி காகிதத்தின் மேலும் விழ வேண்டும். அவசரத்தில் முத்திரையைப் படத்துக்குக் கீழே காலியிடத்தில் குத்திவிடுவார்கள். பளபளப்பான படமாக இருந்தால் மை ஒட்டாமல் வழிந்து, மூன்று எழுத்து மட்டும் தெரியும். மேட் காகிதத்தில் படம் எடுத்துக்கொண்டு போனால் இந்தத் தொல்லை பாதி குறையும். டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள முத்திரை தனியாக இருக்கிறதா, மருத்துவமனையின் வட்ட முத்திரை படிக்கும்படி விழுந்திருக்கிறதா, தேதி இருக்கிறதா, விண்ணப்பதாரரின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கிறதா என்று இடத்தை விட்டு நகருமுன் துணைக்குப் போனவர் பார்த்துவிட வேண்டும். வெளியே வந்து பஸ் ஏறியபின் கண்டுபிடித்தால் இன்னொரு நாள் சம்பளம் போச்சு.

நிரந்தரக் குறைபாடு என்றால் சான்றிதழ் எத்தனை காலம் செல்லும் என்பது வயதைப் பொறுத்தது. 25 வயது வரை 5 வருடம், 26 முதல் 35 வரை 10 வருடம், அதற்கு மேல் ஆயுள் முழுக்க. 34 வயதில் வாங்குகிறவர் ஒருமுறை மறுபடியும் அலைய வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

இந்தச் சான்றிதழ் கையில் இருந்தாலே முன்பதிவு கவுன்டரில் டிக்கெட் எடுக்கலாம். அசலைக் காட்டி, நகலைக் கொடுக்க வேண்டும். பயணத்திலும் அசல் கூடவே வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் வரிசையில் நிற்பதற்குப் பதில் வீட்டிலிருந்தே பதிவு செய்ய வேண்டுமென்றால் ரயில்வேயின் புகைப்பட அடையாள அட்டை தேவை. 2015 முதல் ரயில்வேயின் கோட்ட (டிவிஷன்) அலுவலகங்கள் இதைத் தருகின்றன. அதில் உள்ள தனி எண்ணைக் கொடுத்தால்தான் ரயில் முன்பதிவு இணையதளமான ஐஆர்சிடிசி சலுகையைக் கணக்கில் எடுக்கும்.

மும்பையில் இரண்டு கோட்டங்கள் என்பதை மறந்துவிடுவார்கள். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு மத்திய ரயில்வே; அலுவலகம் சிஎஸ்எம்டியில் (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்). மலாட், கோரேகாவ் பக்கம் இருப்பவர்களுக்கு மேற்கு ரயில்வே. அலுவலகம் மும்பை சென்ட்ரலில். இப்போது திவ்யாங்ஜன் (மாற்றுத்திறனாளி) அட்டைக்கென்று ரயில்வேயின் தனி இணையதளமும் இருக்கிறது, வீட்டிலிருந்தே காகிதங்களை ஏற்றலாம். எந்த வழியில் போனாலும் காகிதங்கள் இவைதான்: சலுகைச் சான்றிதழ், புகைப்பட அடையாளம், முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள். ஏற்றும் ஸ்கேனில் அந்த வட்ட முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். செல்போனில் சாய்வாக எடுத்து, மேலே கை நிழல் விழுந்த படத்தை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை.

கொடுத்த சான்றிதழ் உண்மையா என்று ரயில்வே அந்த மருத்துவமனையிடமே கேட்டுச் சரிபார்க்கும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். அதனால் மும்பையில் வாழ்கிறவர் மும்பை மருத்துவமனையிலேயே சான்றிதழ் வாங்குவது நல்லது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அங்கே வாங்கி வந்ததை இங்கே கொடுத்தால், கடிதம் அங்கே போய்த் திரும்ப வேண்டும். ஆதாரில் இன்னும் ஊர் முகவரியே இருந்தால் அதையும் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். அட்டை 5 வருடம் செல்லும். சான்றிதழ் அதற்கு முன்பே முடிந்தால் அட்டையும் அன்றோடு முடிந்தது.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு, இனிஷியல். ஆதாரில் "முருகேசன் எஸ்", சான்றிதழில் "எஸ். முருகேசன்", மகாராஷ்டிரத்தில் வாங்கிய இன்னொரு காகிதத்தில் அப்பா பெயரை நடுவில் போட்டு, ஊர் பெயரைக் குடும்பப் பெயராக்கி மூன்று சொல். நமக்கு மூன்றும் ஒரே ஆள். குமாஸ்தாவுக்கு மூன்று ஆட்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பும்போதே ஆதாரை எதிரில் வைத்து, எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட அப்படியே எழுதச் சொல்லுங்கள். பின்னால் வரும் அட்டையும் டிக்கெட்டும் அதே பெயரில் வரும்.

அட்டை வந்தபின் பதிவு. இப்போது 60 நாளுக்கு முன்புதான் பதிவு திறக்கிறது, காலை 8 மணிக்கு. பதிவு திறக்கும் நாளில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே இடம் என்ற விதியை நினைவில் வையுங்கள்; 2025 அக்டோபரில் முதல் கால் மணி நேரத்துக்கு மட்டும் வந்ததைப் பிறகு நீட்டிவிட்டார்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், தாதர்–திருநெல்வேலி சாளுக்யா போன்றவற்றில் மே மாத ஸ்லீப்பர் முதல் கால் மணி நேரத்திலேயே காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். ஆதார் சரிபார்ப்பை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

ரயில் தேடும் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக இருக்கும். ஒன்று, மாற்றுத்திறனாளி சலுகைக்கான டிக் பெட்டி. இன்னொன்று, கோட்டா பட்டியலில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு. பெட்டி கட்டணத்தைக் குறைக்கிறது. கோட்டா இடத்தை ஒதுக்குகிறது. ஸ்லீப்பரில் அந்த ஒதுக்கீட்டில் நான்கு படுக்கை: இரண்டு கீழ், இரண்டு நடு. பார்வையற்றவருக்குக் கீழ்ப்படுக்கை, துணைக்கு அதற்கு மேல் நடுப்படுக்கை என்பதுதான் கணக்கு. ஒரு ரயிலுக்கு இவ்வளவுதான் என்பதால் இது சீக்கிரம் தீரும். தீர்ந்தால் சலுகையே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஜெனரல் கோட்டாவிலும் சலுகைக் கட்டணத்தில் எடுக்கலாம், கீழ்ப்படுக்கை கிடைப்பதுதான் அதிர்ஷ்டம்.

திரைவாசிப்பியை (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) வைத்துத் தானே பதிவு செய்பவர்களுக்கு: டிக் பெட்டியைத் தாண்டிப் போனபின் பின்னால் திரும்பி வந்து, "தேர்வு செய்யப்பட்டது" என்று குரல் சொல்கிறதா கேளுங்கள். பெட்டி தேர்வாகாமலே அடுத்த பக்கம் போனால் முழுக் கட்டணம் வரும். கடைசிப் பக்கத்தில் தொகையைக் கேட்டால்தான் தெரியும். படமாக வரும் கேப்ட்சாவைக் குரல் படிக்காது. அந்த நேரத்தில் பார்வை உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை, எட்டு மணிக்கு ஒவ்வொரு நொடியும் முக்கியம்.

பயணியாக முதலில் அட்டைக்காரர், அடுத்தது துணை. துணை ஒருவர்தான். இன்னார்தான் என்று கட்டாயமில்லை; அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டு நண்பர், யாராக இருந்தாலும் சரி. குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தனி டிக்கெட் எடுத்துவிடுங்கள். முதியோர் சலுகை 2020 மார்ச் 20-இலிருந்து இல்லை. எனவே எழுபது வயது அம்மா கூடப் போகிறார் என்றால் துணை என்ற கணக்கில்தான் அவருக்குக் குறையும்.

இனி காசுக் கணக்கு. தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே. முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம், ஏசியில் ஜிஎஸ்டி எல்லாம் தனி. ஸ்லீப்பர் அடிப்படைக் கட்டணம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சலுகையில் 150. அதோடு முன்பதிவு 20, சூப்பர்ஃபாஸ்ட் என்றால் 30. ஆளுக்கு 200, இருவருக்கு 400. சலுகை இல்லாமல் போனால் 1300.

இரண்டடுக்கு ஏசியிலும் முதல் வகுப்பு ஏசியிலும் தள்ளுபடி 50 சதவீதம்தான். மூன்றடுக்கின் அடிப்படை 1600, இரண்டடுக்கின் அடிப்படை 2300 என்று எடுத்துக்கொண்டால், சலுகைக்குப் பின் ஒன்று 400, மற்றது 1150. சும்மா ஒரு படி மேலே போகலாமே என்று இரண்டடுக்கு எடுப்பவர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கொடுக்கிறார். எங்களைக் கேட்டால் மூன்றடுக்குதான். ராஜ்தானி, சதாப்தியின் மூன்றடுக்கு ஏசி, நாற்காலிப் பெட்டி இரண்டிலும் 25 சதவீதம்தான்.

தட்காலில் சலுகையே கிடையாது. கோடையில் சிறப்புக் கட்டணத்தில் விடும் ஸ்பெஷல்களிலும் கிடையாது. ரயில் எண் பூஜ்யத்தில் தொடங்கினால் ஸ்பெஷல் என்று பொருள், பணம் கட்டுமுன் கட்டண விவரத்தைப் பாருங்கள்.

ரத்து செய்யும்போது பலர் அதிர்ச்சி அடைவார்கள். ரத்துக் கட்டணத்தில் தள்ளுபடி இல்லை. பல நாட்களுக்கு முன்பே ரத்து செய்தாலும் ஸ்லீப்பரில் ஆளுக்கு 120, மூன்றடுக்கு ஏசியில் 180-உம் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். மேலே சொன்ன 200 ரூபாய் டிக்கெட்டில் கைக்கு வருவது 80. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தேதிக்கு எடுத்துவைக்கும் பழக்கம் சலுகை டிக்கெட்டில் கட்டுப்படியாகாது.

பயணத்தன்று டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) கேட்பது அசல் அட்டையை. செல்போனில் உள்ள படத்தைக் காட்டி "இதுதானே சார்" என்றால் நடக்காது, முழுக் கட்டணமும் அபராதமும் கேட்பார். கவுன்டர் டிக்கெட் என்றால் சலுகைச் சான்றிதழின் அசல். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. லேமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கலாம். பார்வையற்றவர் வரவில்லை, துணை மட்டும் வருகிறார் என்றால் அந்த டிக்கெட் செல்லாது. துணை கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனால் பார்வையற்றவர் தனியாகவே அதே டிக்கெட்டில் போகலாம். முழுப் பார்வையிழப்பு உள்ளவருக்குத் தனியாகப் போனாலும் சலுகை உண்டு.

முன்பதிவு கிடைக்காத நாளில், பல எக்ஸ்பிரஸ்களின் முனையில் கார்டு பெட்டியோடு சேர்ந்து மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதி இருக்கும். அதற்கு முன்பதிவு வேண்டாம், சாதாரண இரண்டாம் வகுப்பு டிக்கெட் போதும், அதிலும் 75 சதவீதம். ஆனால் பண்டிகை நாளில் அதில் யார் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பார்கள். வாதாடாமல் ரயில்வே உதவி எண்ணான 139-க்கு அழைத்து ரயில் எண்ணையும் அடுத்த நிலையத்தையும் சொன்னால் ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) வர வாய்ப்புண்டு. பெட்டி எந்த முனையில் வருகிறது என்பதை முன்கூட்டியே போர்ட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பான முனையில் நின்றால் கடைசி நிமிடத்தில் பிளாட்பாரத்தின் முழு நீளம் ஓட வேண்டும்.

லோக்கலில் மாத, மூன்று மாத சீசன் டிக்கெட்டுக்குப் பாதிக் கட்டணம். மாற்றுத்திறனாளிப் பெட்டி நிற்கும் இடத்தைச் சொல்ல பல பிளாட்பாரங்களில் பீப் சத்தம் கேட்கும். எல்டிடிக்கு (லோக்மான்ய திலக் டெர்மினஸ்) லோக்கலில் போகிறவர்கள் ஹார்பர் பாதையில் திலக் நகரில் இறங்குவது எளிது. குர்லாவில் இறங்கினால் மேம்பாலமும் ஆட்டோக்காரரிடம் பேரமும் சேர்த்து முக்கால் மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.