கொதித்த மட்டம்

ஜூலை 4

படி ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சுமாத்திராவில் தங்கம் தேடும் முகாமுக்குத் திரும்பும் பேச்சு இனி இல்லை. ஏழாம் துளை நேற்று முடிந்தது. இடம் நான் குறித்தது, சாய்வு நான் குறித்தது. துளையிலிருந்து எடுத்த பாறை உருளைகளை, கோரை, அடுக்கிய பெட்டிகளை மட்டும் போனில் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 5

சுமாத்திரா எங்களைவிட ஒன்றரை மணித்தியாலம் முன்னால். நான் எழும்பும்போதே படங்கள் வந்து கிடந்தன. 112 மீட்டரில் நாளம், பாறை வெடிப்பை நிரப்பிய தாதுப் பட்டை, தொடங்குகிறது. வெள்ளைக் குவாட்ஸ், சாம்பல் பட்டை, திரும்பவும் வெள்ளை, இடையிடையே மெல்லிய கறுப்புக் கோடுகள். 118 வரை அப்படியே. கறுப்புக் கோடுகளில்தான் வெள்ளித் தாது இருக்கும், தங்கமும் வெள்ளியும் கலந்த எலெக்ட்ரமும் இருக்கலாம். கோரை நனைத்துவிட்டு மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். ஈரத்தில்தான் பட்டைகள் சரியாகத் தெரியும்.

கோரில் 6 மீட்டர். துளை நாளத்தை 50 பாகையில் வெட்டுவதால் உண்மைத் தடிப்பு 4.6 மீட்டர்தான். அதுவும் நல்ல தடிப்பு.

ஆனால் 114.2க்கும் 114.8க்கும் நடுவில் பெட்டியில் ஓர் அடையாள மரக்கட்டைதான். கோர் வரவில்லை.

ஜூலை 6

அந்த 60 சென்ரிமீட்டர்.

ஜூலை 9

இன்று வந்த படத்தில் தகடு தகடாகக் குறுக்குமறுக்காய் நிற்கும் குவாட்ஸ். இதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! கத்தியே விட்டேன். அம்மா குசினியிலிருந்து பயந்துபோய் ஓடி வந்தார்.

அவருக்கு யாழ்ப்பாணத்து வீட்டுக் கேத்தலை வைத்து விளங்கப்படுத்தினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, கொதிக்கக் கொதிக்கக் கேத்தலில் வெள்ளையாய்ப் படியும். மலைக்குள்ளும் அதேதான். 200 பாகைக்கு மேல் சூடான தண்ணீர் பாறை வெடிப்பால் ஏறி வருகிறது. ஆழத்தில் அழுத்தம் அதைக் கொதிக்க விடாது. ஒரு மட்டத்துக்கு வந்ததும் கொதிக்கிறது. காபனீரொட்சைட்டு பறந்துவிட, கல்சைட்டு தகடு தகடாய்ப் படிகிறது. பிறகு சிலிக்கா அந்தத் தகடுகளின் இடத்தைப் பிடிக்கிறது, வடிவம் மட்டும் மிஞ்சுகிறது. தங்கத்தைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தது கந்தகம். கொதிக்கும்போது ஐதரசன் சல்பைட்டு வாயுவாகப் போனால், பிடிமானம் இல்லாமல் தங்கம் அங்கேயே விழுந்துவிடும்.

அதனால் நான் தேடுவது தங்கத்தை அல்ல, தண்ணீர் கொதித்த மட்டத்தை. அதற்கு மேலே ஆர்செனிக்கும் அந்திமனியும் பாதரசமும். கீழே ஈயமும் நாகமும் (துத்தநாகம்). நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச உயரம்தான் எல்லாம்.

அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு மோர் கொண்டு வந்து தந்தார்.

ஜூலை 10

கால் வீக்கம். ஸ்கேன் நல்லது. கடல் இரைச்சல் இரவெல்லாம்.

ஜூலை 13

மாமா வந்தார். “எங்கட நாட்டில இல்லாத தங்கமா பிள்ளை, ஏன் அங்க போறாய்?” என்று கேட்டார். எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள். இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறை. ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது, மேலிருந்ததெல்லாம் அரித்துப் போய்த்தான் இன்று வெளியே தெரிகிறது. மேலோட்டமாக உருவாகும் இந்த வகை நாளம் இங்கே தங்கியிருக்காது. சேருவில என்ற இடத்தில் 1971இல் செம்பும் இரும்பும் கண்டுபிடித்தார்கள், அது வேறு கதை. சுமாத்திராவில் இந்த நாளங்களுக்குச் சூடு கொடுக்கும் எரிமலைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பெங்குலுப் பக்கம் லெபோங் டோனோக்கில் டச்சுக்காரர் காலத்திலேயே தங்கமும் வெள்ளியும் எடுத்தார்கள்.

மாமாவுக்குச் சேருவில மட்டும் பிடித்துக்கொண்டது.

ஜூலை 17

தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். அறிக்கையில் “112 முதல் 118 வரை தொடர்ச்சியான நாளம்” என்று போடலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. கெட்டிக் குவாட்ஸ் கோராக வரும். களிமண்ணும் கறுப்புத் தாதும் கலந்த மென்மையான பகுதியைத்தான் துளைக்கும் தண்ணீர் கழுவிக்கொண்டு போகும். போனது தாது செறிந்த பகுதியாக இருக்கலாம், வெறும் களியாகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்துச் சராசரியை எடுத்து நிரப்புவது பொய். இழப்பு 0.6 மீட்டர் என்று அட்டவணையில் இருக்க வேண்டும், வாசிக்கிறவர் கண்ணில் படும் இடத்தில்.

இந்தோனேசியாவில் வேலை செய்கிற எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கலிமந்தானில் நடந்த புசாங் தங்க மோசடி. பிரீ-எக்ஸ் கொம்பனி கோரைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைப் பாதுகாக்காமல் முழுவதையும் அரைத்து அனுப்பியது. 1997இல் பார்த்தால், மாதிரிகளில் இருந்தது ஆற்றுத் தங்கம், உருண்டு தேய்ந்த மணிகள். பாறையில் ஒன்றுமே இல்லை. எத்தனை குடும்பங்களின் சேமிப்பு அதில் போனது. கனிமத் தேடல் அறிக்கைகளுக்கான கனடாவின் 43-101 விதி 2001இல் வந்ததற்கு அதுதான் காரணம்.

வெட்டிய பாதிக் கோர் பூட்டில் இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டேன். இருக்கிறது.

பக்கவாட்டில் விலக்கி அந்த ஆழத்தை மறுபடி துளைக்கவும், உடைந்த பாறையைப் பிடிக்கும் மூன்றுகுழாய் பரலைப் போடவும் எழுதிவிட்டேன். செலவு என்பார்கள். சொல்லட்டும்.

ஜூலை 18

பதில் இல்லை.

ஜூலை 20

லேப்பில் என்ன செய்வார்கள் என்று அப்பா கேட்டார். 30 கிராம் கல்மாவை ஈய ஒட்சைட்டோடு உருக்குவார்கள், தங்கமும் வெள்ளியும் ஈயத்தோடு அடியில் இறங்கும், எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கினால் ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும், ஒரு சின்ன மணி மிஞ்சும் என்றேன். மிச்சத்தை அவரே சொன்னார்: “நைத்திரிக் அமிலத்தில வெள்ளி கரையும். ஆனா பவுணை விட வெள்ளி மூன்று மடங்கு இருக்க வேணும், இல்லாட்டி அமிலம் உள்ளே போகாது.” செட்டியார் தெரு நகைப் பட்டறையில் கற்றது. லேப்பிலும் அதே கணக்குத்தான், வெள்ளி குறைந்தால் சேர்ப்பார்கள்.

டன்னுக்கு எவ்வளவு தேறினால் நல்லது என்று கேட்டார். 5 கிராம் என்றாலே சந்தோஷப்படுவோம் என்றேன். “ஒரு பவுண்கூட இல்லையே” என்று கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 24

அம்மாவும் அப்பாவும் ஆடிவேல் விழா பார்க்கப் பம்பலப்பிட்டிக்குப் போய்விட்டார்கள். எனக்கு அனுமதியில்லை. ஐந்தாம் துளையின் குறுக்குவெட்டை மறுபடி வரைந்தேன். அது 40 மீட்டர் மேலே வெட்டியது: ஆர்செனிக், அந்திமனி நிறைய, தங்கம் சொற்பம். ஏழு அதற்கு நேர் கீழே. அளவு கடந்து கீழே போயிருந்தால்? 117இல் ஒரு இடத்தில் கலினா, ஈயத் தாது, மாதிரி மினுங்குகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் எரிகிறது.

ஜூலை 25

கலினாதான். ஒரேயொரு மணி. ஒன்றை வைத்துப் பயப்படக் கூடாது.

ஜூலை 26

நித்திரை இல்லை. பிள்ளை உதைக்கிறது.

ஆகஸ்ட் 3

பாதி முடிவு வந்தது. தங்கம் தனியாக வரும். கறுப்புக் கோடுகள் உள்ள மாதிரிகளில் வெள்ளிக்கு டன்னுக்கு 100 கிராமுக்கு மேல் என்று மட்டும் இருக்கிறது, அந்த முறைக்கு எல்லை அவ்வளவுதான், திரும்பச் செய்ய வேண்டும். ஈயமும் நாகமும் குறைவு! ஆழம் கடந்து போகவில்லை. மட்டத்துக்குள்தான் இருக்கிறோம். லேப்பைச் சோதிக்க நாங்கள் சேர்த்த வெற்று மாதிரிகள் சுத்தமாக வந்திருக்கின்றன, இரட்டை மாதிரிகளும் பொருந்துகின்றன.

தலைமை அலுவலகத்துக்கு உடனே எழுதினேன். இழப்பைப் பற்றிய வரி அறிக்கையில் இல்லாமல் என் பெயர் அதில் வராது.

ஆகஸ்ட் 4

மூன்றுகுழாய் பரலுக்குச் சம்மதம். துளைக்கும் ரிக் நாளை நகர்கிறது. தங்க முடிவு இன்னும் வரவில்லை. டொக்டர் இன்றைக்கே வந்து படுக்கச் சொல்கிறார், ஓட்டோ கீழே நிற்கிறது.