ஏன் வரவில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள்

தேர்தலுக்கு மறுநாள் எல்லாச் செய்தித்தாள்களிலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: வாக்குப்பதிவு அமைதியாக நடந்து முடிந்தது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்கள் ஆளுக்கொரு நாட்குறிப்பை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதிலிருந்துதான் அந்த வரி உருவாகிறது. நானும் அப்படிக் கையெழுத்துப் போடுகிறவன். அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் தேர்தல் பணி எனக்குப் புதிதில்லை. முதலில் பட்டியலில் பெயர் பார்க்கும் மேசை, பிறகு விரலில் மை வைக்கும் மேசை, இப்போது சில தேர்தல்களாகத் தலைமை அலுவலர். அமைதி என்று எழுதும்போது நாம் எதைச் சொல்கிறோம் என்பது பற்றி எனக்குச் சில எண்ணங்கள் உண்டு.

பூத்துக்கு வருகிறவர்கள் ஓட்டுப் போட்டுவிட்டு மட்டும் போவதில்லை. 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, முதியோர் உதவித்தொகை நின்றுபோனதைச் சொல்வார்கள். விரலை நீட்டிக்கொண்டே, பஸ் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டோடு போய்விடுவதைச் சொல்வார்கள். ஆரம்பத்தில் எனக்குச் சங்கடமாக இருக்கும். நான் வேறொரு தொகுதியில் பாடம் நடத்துகிறவன்; எந்த பூத் என்பதே முந்தின நாள்தான் எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைப்பேன். போகப்போகத்தான் புரிந்தது. மற்ற நாட்களில் அவர்கள்தான் அரசாங்கத்தைத் தேடித் தாலுகா ஆபீசுக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைகிறார்கள். தேர்தலன்றுதான் அரசாங்கம் அவர்கள் ஊருக்கு வந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பேசாமல் எப்படி இருப்பார்கள்?

அந்தக் குறைகள் எங்கே போகின்றன என்று சொல்வதற்கு முன், பூத்துக்குள் அமைதி எப்படி உண்டாகிறது என்று சொல்லிவிடுகிறேன். வெளியே துப்பாக்கியோடு போலீஸ் நிற்பதால் மட்டும் அது வருவதில்லை. ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள், தங்கள் கண்ணாலேயே பார்த்துச் சரி என்று ஒப்புக்கொள்வதற்கு வழி இருப்பதால்தான் பெரும்பாலும் வருகிறது. ஏழு மணி வாக்குப்பதிவுக்கு ஐந்தரை மணிக்கே மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடும். கட்சி ஏஜென்ட்டுகள் தூக்கக் கலக்கத்தோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும். எல்லா வேட்பாளருக்கும், நோட்டாவுக்கும் சேர்த்து. பிறகு ஓட்டுகள் பதிவாகும் கண்ட்ரோல் யூனிட் காட்டும் கணக்கையும், போட்ட சின்னத்தைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் ஒப்பிட்டுக் காட்டுவோம். இயந்திரத்தில் இருப்பதை அழித்து, எண்ணிக்கை சைபர் என்று காட்டி, சீட்டுகளை ஒவ்வொன்றாக முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவோம். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்கள். முந்தின நாள் ராத்திரி டீக்கடையில் சண்டை போட்டவர்கள்கூட அந்தக் கையெழுத்துக்குப் பிறகு இயந்திரத்தைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

சிக்கல் வரும் இடங்களுக்கும் விதி வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய அடையாளத்தை ஏஜென்ட் மறுக்க வேண்டுமானால் 2 ரூபாய் கட்டி மறுக்கலாம். நான் அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். விவிபேட்டில் வேறு சின்னம் தெரிந்தது என்று ஒருவர் சொன்னால், எழுதி வாங்கிக்கொண்டு சோதனை ஓட்டு போட விடலாம்.

ஒருமுறை இருபது இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு பையன் வந்தான். வேலைக்குப் போன ஊரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ஏற்கனவே கோடு போட்டிருக்கிறது. யாரோ அவன் பெயரில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவன் குரல் உயர்ந்தது; வரிசையில் இருந்த அவன் ஆட்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஏஜென்ட்டுகள் ஒருவரை ஒருவர் கைகாட்ட ஆரம்பித்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் கைகலப்பு ஆகியிருக்கும். நான் அவனை என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அடையாள அட்டையைப் பார்த்து, கேள்வி கேட்டு, அவன்தான் உண்மையான ஆள் என்று உறுதி செய்தேன். பிறகு 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டெண்டர் ஓட்டுக்கான, அதாவது தன் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டவருக்குத் தரும், வாக்குச்சீட்டைக் கொடுத்தேன்.

"இத எண்ணுவாங்களா சார்?" என்று கேட்டான்.

எண்ண மாட்டார்கள் என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. "இப்ப எண்ண மாட்டாங்க தம்பி. கோர்ட்டுக்குப் போனா இந்தக் கவருக்கு மதிப்பு இருக்கு" என்றேன். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றதையும், அந்த வழக்கில் இந்த டெண்டர் ஓட்டுகள்தான் பெரிய விவாதமாக ஆனதையும் சொன்னேன். முழுத் திருப்தி இல்லாவிட்டாலும் சீட்டில் முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தான். வெளியே நின்றவர்களிடம் அவனே போய், "எழுதி வாங்கிட்டாங்க, வாங்க" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனான். அவன் குறையை ஒருவர் உட்கார வைத்துக் கேட்டதும், அது ஒரு படிவத்தில் ஏறியதும்தான் அவனைச் சமாதானப்படுத்தின என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பூத்துக்குள் எழும் புகாருக்கு இத்தனை படிவம் இருக்கிறது. பூத்துக்கு வெளியே ஐந்து வருடமாகச் சேர்ந்த புகாருக்கு அன்று ஒன்றுமே இல்லை. புறக்கணிப்பு நடந்த ஓர் ஊரில் பணியில் இருந்தபோது இது எனக்கு நன்றாக உறைத்தது.

ஊர் எல்லையிலேயே கறுப்புக்கொடி கட்டியிருந்தார்கள். சுவரில் 'தேர்தல் புறக்கணிப்பு' என்று ஊர்ப் பொதுமக்கள் பெயரில் போஸ்டர். காரணம் சுடுகாட்டுப் பாதை. யாராவது இறந்துபோனால் வயல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நடவு நேரத்தில் வயல்காரர் தடுப்பார். மழைக்காலத்தில் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் பாடையைக் கடத்த வேண்டும். மாதிரி வாக்குப்பதிவுக்கு ஏஜென்ட் ஒருவர்கூட வரவில்லை. விதிப்படி கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு நாங்களே போட்டுப் பார்த்து, சீல் வைத்து, ஏழு மணிக்குத் தயாரானோம். யாரும் வரவில்லை. ஒன்பது மணி நிலவரம் என்ன என்று மண்டல அலுவலர் போனில் கேட்டார், பூஜ்யம் என்றேன். பதினொரு மணிக்கும் அதே பதில்தான்.

வட்டாட்சியர் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார். தன்மையான மனிதர். ஆனால் அவர் கையும் கட்டப்பட்டிருந்தது. தேர்தல் நடத்தை விதி இருக்கும்போது பாதை போட்டுத் தருகிறோம் என்று எந்த அதிகாரியும் வாக்குக் கொடுக்க முடியாது. "தேர்தல் முடியட்டும், பேசி முடிச்சிடுவோம்" என்றார். போன தடவையும் இதைத்தான் சொன்னார்கள் என்று பதில் வந்தது. கத்தவில்லை, திட்டவில்லை, சாதாரணமாகச் சொன்னார்கள்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு வயதான அம்மா மஞ்சப்பையோடு பள்ளிக்கூட வாசல் வரை வந்தார். ஓட்டுப் போட வந்திருக்கிறார் என்று நினைத்து எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் பைக்குள்ளிருந்து கத்தையாகக் காகிதங்களை எடுத்தார். எல்லாம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்ததற்கான ரசீதுகள். மடித்த இடத்தில் கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருந்தார். அவர் கணவரை அந்த வாய்க்கால் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

"ஐயா, நாங்க யாரும் வரலைன்னு எழுதுவீக இல்ல? ஏன் வரலைன்னும் எழுதிக்கிருங்க" என்றார்.

தலைமை அலுவலரின் நாட்குறிப்பு நீளமானது. ஆண் எத்தனை, பெண் எத்தனை, டெண்டர் ஓட்டு எத்தனை, ஆட்சேபம் எத்தனை என்று கேட்கும். கலவரம், வன்முறை, பூத் கைப்பற்றல், இயற்கைப் பேரிடர் ஏதாவது நடந்ததா என்று கேட்கும். மக்கள் ஏன் வரவில்லை என்று கேட்கும் கட்டம் நான் நிரப்பிய எந்த நாட்குறிப்பிலும் இல்லை. அந்த அம்மாவிடம் "சரிம்மா, எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் பாதையின் விவரத்தையும் மனு எண்களையும் எழுதி மண்டல அலுவலரிடம் தனியாகக் கொடுத்தேன். அவரும் மறுக்காமல் வாங்கி ஃபைலில் வைத்தார்.

அரசு வேலையில் இருந்த ஓரிரு குடும்பங்கள் சாயங்காலம் வந்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. ஆறு மணிக்கு இயந்திரத்தை மூடி, பதிவான ஓட்டுகளின் கணக்கான 17சி படிவத்தை எழுதினேன். அசம்பாவிதம் எதுவும் இல்லை. அந்த பூத்திலும் தேர்தல் அமைதியாக நடந்ததாகத்தான் கணக்கு.

இப்படிப்பட்ட ஊர்கள் தேர்தலுக்குத் தேர்தல் செய்தியில் வருகின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் புறக்கணித்தது. குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தவர்களைக் கண்டுபிடிக்கக் கேட்டு வேங்கைவயல் மக்கள் புறக்கணிப்பை அறிவித்தார்கள். இவர்களைத் தேர்தலில் அக்கறை இல்லாதவர்கள் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஓட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்று நம்புகிறவர்கள்தான் அதைக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள்.

வெளியே தெரியாத இன்னொரு வகை அமைதியும் உண்டு. அதுதான் எனக்குப் பயம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டதால், 1996-லிருந்து பத்து வருடம் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. வேட்புமனு வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006-இல்தான் நிலைமை மாறியது. மேலூர் பக்கம் மேலவளவில் அதே ஒதுக்கீட்டில் தலைவரான முருகேசனையும் வேறு சிலரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். வாக்குப்பதிவு நாளில் ரத்தம் சிந்தாததை வைத்து அங்கே எதையும் முடிவு செய்திருக்க முடியாது. அதனால்தான் ஒரு பூத்தில் எந்தச் சத்தமும் இல்லை என்றால், பெண்கள் தனியாக வருகிறார்களா, கடைசித் தெருக்காரர்கள் வரிசையில் மற்றவர்களோடு சேர்ந்து நிற்கிறார்களா, யாராவது ஒரு ஆள் வாசலில் நின்று தலைகளை எண்ணுகிறாரா என்று நான் பார்ப்பேன். இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவதில்லை. தர வேண்டும்.

பணம் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே.நகர், வேலூர் என்று பணப்பட்டுவாடாவால் தள்ளிப்போன தேர்தல்களின் வரிசையே இருக்கிறது. வரிசையில் நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "வாங்கிட்டா அப்புறம் எந்த மூஞ்சியோட போய் தண்ணி கேக்குறது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. வாங்காதே என்கிற விளம்பரங்களைவிட அவர் தெளிவாகப் பேசினார்.

நடத்தை விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளுங்கட்சி அடிக்கல் நாட்டியே ஓட்டு வாங்கிவிடாமல் தடுப்பது அதுதான். ஆனால் அதோடு சேர்ந்து திங்கட்கிழமை குறைதீர் கூட்டமும் நின்றுவிடுகிறது. 2024-இல் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை நடத்தை விதி இருந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-லேயே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். அதற்குப் பிறகும் ஏழு வாரம். மனுக்களைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம்தான். மனு கொடுப்பவர் எதிர்பார்ப்பது எதிரே உட்கார்ந்து கேட்கும் ஒரு ஆளை.

புறக்கணிப்பு ஒரே ராத்திரியில் முடிவாவதில்லை. கறுப்புக்கொடிக்கு முன்னால் சாலை மறியல் நடந்திருக்கும். அதற்கு முன்னால் கிராமசபைத் தீர்மானம் போட்டிருப்பார்கள். அதற்கும் முன்னால் கத்தை கத்தையாக மனு. எந்தெந்த ஊர் என்று ஒவ்வொரு தாலுகாவிலும் தெரியும். பதற்றமான வாக்குச்சாவடி என்று பட்டியல் எடுத்து போலீசைக் கூடுதலாகப் போடுகிறோம். அதே பட்டியலில் அந்த ஊரின் நிலுவை மனு என்ன என்று ஒரு பத்தி சேர்த்தால், தேர்தல் அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்னாலேயே யாராவது போய்ப் பேச முடியும். நாட்குறிப்பிலும் வராத வாக்காளர்கள் சொன்ன காரணத்துக்கு நான்கு வரி விடலாம். நடத்தை விதி முடிந்ததும் முதல் குறைதீர் கூட்டத்தை, ஊரே புறக்கணித்த அந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்து, அந்த வெள்ளைத்தாளில் இருக்கும் மனு எண்களிலிருந்து தொடங்கலாம். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அடுத்த பயிற்சி வகுப்பில் கேள்வி இருக்கிறதா என்று கேட்கும்போது நான் எழுந்து இதைத்தான் கேட்கப்போகிறேன்.