கேஜில் பூஜ்யம், வால்வுக்குள் பிரஷர்

லைனை அடைத்தாச்சு, டிரெயின் (வடிகால்) திறந்தாச்சு, கேஜ் முள்ளும் பூஜ்யத்தில் நிற்கிறது. ரிப்பேருக்கு வால்வைப் பிரிக்கப் பலரும் ஸ்பேனரைக் கையில் எடுப்பது இந்த இடத்தில்தான். அவசரப்படாதீர்கள். கேஜ் பைப்பைப் பற்றித்தான் சொல்லும். வால்வுக்குள் தனியாக ஒரு பொந்து இருப்பது அதற்குத் தெரியாது. கேஜுக்குப் போகும் வளைந்த சைபன் குழாயில் துரு அடைத்துக்கொண்டால் பைப்பைப் பற்றியும் பொய்தான் சொல்லும்.

பால் வால்வில் (உள்ளே துளையுள்ள பந்து சுழன்று திறந்து மூடும் வகை) பந்துக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடத்தில் லைன் பிரஷர் அப்படியே சிக்கி நிற்கும். லைன் காலியான பிறகு ஹேண்டிலை 45 டிகிரிக்குத் திருப்பி இரண்டு மூன்று முறை ஆட்டினால்தான் அது வெளியே போகும். கேட் வால்வு (வெட்ஜ் என்ற ஆப்புத் தகடு இறங்கி அடைக்கும் வகை) மூடியிருந்தால் பானெட்டுக்குள், அதாவது மேல் மூடிக்குள், இதே போல மாட்டிக்கொள்ளும். அதையும் ஒருமுறை பாதி வரை திறந்துவிடுங்கள்.

ஸ்டீம் லைன் என்றால் சூடும் சேர்ந்துகொள்கிறது. 7 பார் ஸ்டீமில் தேங்கிய கண்டென்சேட் (ஸ்டீம் தண்ணீரானது) கிட்டத்தட்ட 170 டிகிரியில் இருக்கும். மூட்டு விலகியதும் அதில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகிச் சீறும். பாடி கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். ஸ்டீமுக்கும் ஆசிடுக்கும் ஒற்றை வால்வை நம்பவே கூடாது. இரண்டு வால்வை மூடி, நடுவில் உள்ள பிளீடை (சின்ன வடிகால் வால்வு) திறந்து வையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் பிளேஞ்சுக்கு நடுவே பிளைண்டு (அடைப்புத் தகடு) போடுங்கள்.

மூடிய வால்வை யாரும் திறக்காமல் இருக்கப் பூட்டு ஆளுக்கு ஒன்று, சாவி அவரவர் பையில். பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் ஃபிட்டர் தமிழ், ஆபரேட்டர் கன்னடம், ஹெல்பர் இந்தி என்று இருப்பது சகஜம். இங்கிலீஷில் மட்டும் டேக் எழுதித் தொங்கவிட்டு என்ன பிரயோஜனம்? மூன்று மொழியிலும் ஒரு வரி எழுதுங்கள்.

இனி கேட் வால்வின் பானெட். முதலில் ஹேண்டில் வீலை மூடிய நிலையிலிருந்து இரண்டு சுற்று திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் வெட்ஜ் சீட்டில் (அது உட்காரும் வளையம்) இறுகிக்கொண்டு மேலே வராது. 5/8 அங்குல ஸ்டட்டில் ஹெவி நட்டு இருந்தால் 27 மி.மீ. ஸ்பேனர்தான் சரியாக உட்காரும். எம்16-க்கு வைத்திருக்கும் 24 அதில் ஏறவே ஏறாது. நமக்கு எதிர்ப்புறம் உள்ள நட்டில் ஆரம்பியுங்கள், எதிரெதிராக ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். எந்த நட்டையும் முழுசாகக் கழற்றாதீர்கள். பிறகு அந்தத் தூரத்துப் பக்கத்தில் ஆப்பு வைத்து மூட்டை விலக்குங்கள். உள்ளே ஏதாவது மிச்சமிருந்தால் நம்மை விட்டு அந்தப் பக்கம் சீறும், நட்டுகள் பானெட்டைப் பிடித்துக்கொள்ளும். சீறல் கேட்டால் கையை எடுத்துவிட்டு, ஐசொலேஷன் வால்வு லீக் ஆகிறதா என்று பாருங்கள். முகம் எப்போதும் மூட்டுக்கு நேராக வரக்கூடாது. ஸ்பிண்டிலுக்கு (வீல் திருப்பும் தண்டு) நேர் மேலேயும் வரக்கூடாது.

வெட்ஜைத் தூக்குமுன் எந்த முகம் எந்த சீட்டுப் பக்கம் என்று பஞ்சால் புள்ளி வையுங்கள். அந்தந்த சீட்டோடு தேய்ந்து பழகிய முகம் அது. திருப்பிப் போட்டால் லீக் ஆகக்கூடும்.

ஸ்பிண்டிலைச் சுற்றி லீக்கை அடைக்கும் பழைய கிளாண்டு பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை ஏர் அடித்து ஊதாதீர்கள். நனைத்துவிட்டு எடுங்கள். புதிய பேக்கிங்குக்கு சைஸ் பார்ப்பது எளிது: பேக்கிங் உட்காரும் பெட்டியின் உள்விட்டத்திலிருந்து ஸ்பிண்டில் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள். 41, 25 என்றால் 8 மி.மீ. கயிறு. 45 டிகிரியில் சாய்த்து வெட்டி, வெட்டுவாய்கள் ஒரே கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி வையுங்கள்.

ஏரால் வால்வைத் திறந்து மூடும், ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டரை, ஏரைத் துண்டித்து, ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் முழுசாகவே இறக்குங்கள். மேனுவல் இல்லாமல் மூடியைத் திறக்கவே வேண்டாம். டயாஃப்ரம் வகையில் சில போல்டுகள் மட்டும் நீளமாக இருக்கும். ஸ்பிரிங்கைச் சாந்தமாக விரியவிடத்தான் அந்த நீளம், அதனால் அவற்றைக் கடைசியில் சமமாகத் தளர்த்த வேண்டும்.

மாட்டும்போது ஸ்பைரல் கேஸ்கெட் புதிதாகத்தான் இருக்க வேண்டும். டார்க்கை (நட்டை இறுக்கும் முறுக்கு விசை) 30, 60, 100 சதவீதம் என்று குறுக்குக் குறுக்காக ஏற்றி, கடைசியில் ஒரு முழுச் சுற்று வாருங்கள். கிளாஸ் 150 (பிரஷர் தாங்கும் தரம்) கார்பன் ஸ்டீல் வால்வுக்கு, தண்ணீர் ஏற்றிப் பாடியைச் சோதிக்கும் ஷெல் டெஸ்ட் 30 பார், மூடி வைத்து லீக் பார்க்கும் சீட் டெஸ்ட் சுமார் 22 பார். பம்பை அடிக்குமுன் உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிவிடுங்கள். தண்ணீர் மட்டும் இருந்தால் லீக் ஆனதும் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும், காற்று இருந்தால் பிளக்கைத் தூக்கி எறியும்.